அறிக்கை வார்ப்புருவுக்கு எந்தக் கருவி? நான்கு வழிகளின் ஒப்பீடு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடுத்தர நிறுவனங்களின் கணினிப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் பணிபுரியும் வாசகர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு வருகிறார்கள். விலைப்பட்டியல், டெலிவரி ஆர்டர், சம்பளச் சீட்டு, ஈஏ பாரம் (ஊழியரின் ஆண்டு வருமான அறிக்கை), உறுப்பினர் கணக்கறிக்கை போன்றவற்றுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த வார்ப்புருக்கள் (தரவை ஏற்று ஆவணமாக்கும் முன்வடிவங்கள்), மின் விலைப்பட்டியல் நடைமுறைக்கும் மாறிக்கொண்டே இருக்கும் வரி விதிகளுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, வேறு மென்பொருளுக்கு மாறுவதா, மாறினால் எதற்கு என்பதே அந்தக் கேள்வி.

நம் அலுவலகங்களில் பெரும்பாலும் எதிர்ப்படும் நான்கு வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஆரக்கிள் பிஐ பப்ளிஷர், மைக்ரோசாப்டின் பக்க அறிக்கைகள், ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், ஏற்கெனவே கையில் இருக்கும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸிலேயே நீடிப்பது. திரையில் சொடுக்கிப் பார்க்கும் டேஷ்போர்டுகள் இதில் சேரா. தாளிலோ பிடிஎஃப் கோப்பிலோ ஒவ்வொரு வரியும் குறித்த இடத்தில் வந்து நிற்க வேண்டிய ஆவணங்களைப் பற்றியே பேசுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

விற்பனையாளர்கள் காட்டும் செயல்விளக்கத்தில் வார்ப்புருவை உருவாக்குவது அரை மணி நேர வேலையாகத் தெரியும். உண்மைச் செலவு உருவாக்குவதில் இல்லை, திருத்துவதில் இருக்கிறது. ஆகவே முதல் அளவுகோலாக நான் வைப்பது, விதி மாறும் நாளில் அந்தக் கோப்பைத் திறந்து திருத்தப் போவது யார் என்பதே. இந்நாட்டில் அந்த நாள் அடிக்கடி வருகிறது. 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது; 2018 ஜூன் 1 அன்று அது சுழியமாக்கப்பட்டது; அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது உணவும் பானமும், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடம் ஆகிய சேவைகள் மட்டும் 6 விழுக்காட்டிலேயே விடப்பட்டன. 2025 ஜூலை 1 அன்று வரியின் வரம்பு மேலும் விரிந்தது. ஒரே விலைப்பட்டியலில் இரண்டு விகிதங்கள் வரக்கூடும் என்பதை முன்கூட்டி எண்ணாமல், கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரே ஒரு வரிப் பெட்டியை மட்டும் வைத்த வார்ப்புருக்கள் அப்போது மொத்தமாகத் திருத்தப்பட வேண்டியிருந்தது.

இரண்டாவது அளவுகோல் கணக்கீடு எங்கே நடக்கிறது என்பது. வரி விகிதத்தையும், 2008 ஏப்ரல் முதல் ரொக்கச் சீட்டுகளுக்கு நடப்பிலுள்ள ஐந்து சென் முழுமையாக்கத்தையும் வார்ப்புருவுக்குள் சூத்திரமாக எழுதிவிட்டால், பேரேட்டில் உள்ள தொகையும் அச்சிட்ட தொகையும் ஒரு சென், இரண்டு சென் என்று வேறுபடத் தொடங்கும். கணக்கீடு தரவுத்தளத்திலேயே முடிந்து, வார்ப்புரு அதைக் காட்டும் வேலையை மட்டும் செய்ய வேண்டும். இந்த ஒழுங்கை ஒரு கருவி வலியுறுத்துகிறதா, அல்லது மீறுவதை எளிதாக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மின் விலைப்பட்டியல். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய நிறுவனங்கள் வரை இந்த முறை வந்துவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் போக வேண்டியது, கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவிலான தரவுதான். வாடிக்கையாளர் கையில் பெறும் பிடிஎஃப் அதன் கண்ணுக்குத் தெரியும் உருவம் மட்டுமே. ஆனால் அந்த உருவத்தில் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டுக்கான இணைப்போ, வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்பு ஆவணத்தைச் சரிபார்த்துத் தனி அடையாள எண்ணைத் திருப்பி அனுப்பிய பிறகே உருவாகிறது. அதாவது, விலைப்பட்டியல் உருவாகும்போதே அச்சிடும் பழைய முறை செல்லாது. அடையாள எண்ணும் சரிபார்த்த நேரமும் தரவுத்தளத்தில் வந்து சேர்ந்த பின்னரே வார்ப்புரு இயங்க வேண்டும். இதைக் கருவி தீர்க்காது, நம் பணியோட்டம்தான் தீர்க்க வேண்டும். கருவியிடம் கேட்க வேண்டியது, கியூஆர் குறியீட்டை அதுவே வரையுமா, இல்லை வேறொன்றை நாட வேண்டுமா என்பது.

நான்காவது, மொழி. மலாயும் ஆங்கிலமும் எல்லாக் கருவிகளிலும் சிக்கலின்றி வரும். தமிழ் அப்படியல்ல. ஒகர, ஓகார உயிர்மெய்களில் குறியின் ஒரு பகுதி மெய்க்கு முன்னும் மறுபகுதி பின்னும் நிற்க வேண்டும்; எழுத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாத பிடிஎஃப் இயந்திரம் கொம்பை மெய்க்குப் பின்னால் போட்டு, சில வேளை புள்ளி வட்டத்தையும் சேர்த்துவிடும். எனவே கருவி எதுவானாலும், ‘கோலாலம்பூர், பௌர்ணமி, ஸ்ரீ சுப்பிரமணியர், மீனாக்ஷி, கொள்கை’ என்ற ஒரு வரியைத் திரையில் அல்லாமல், சர்வரிலிருந்து வெளிவரும் பிடிஎஃப் கோப்பில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பழைய உறுப்பினர் பதிவேடுகள் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. கோலாலம்பூரிலேயே முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு தொடங்கிய முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளில் தட்டச்சு செய்த பெயர்கள் இன்னும் பல சங்கங்களின் கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றை மாற்றாமல் எந்த வார்ப்புருவும் சரியாக வராது.

ஒரே ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆவணத்தைப் பிரித்து அனுப்பும் வசதியும், நாளை வேறு கருவிக்குப் போக நேர்ந்தால் எவ்வளவு இழப்பு என்பதும் எஞ்சிய இரண்டு அளவுகோல்கள்.

| அளவுகோல் | பிஐ பப்ளிஷர் | மைக்ரோசாப்ட் பக்க அறிக்கை | ஜாஸ்பர் | கிரிஸ்டல் |
|---|---|---|---|---|
| திருத்துபவர் | வேர்டு தெரிந்த அலுவலர் | பயிற்சி பெற்ற அலுவலர் அல்லது கணினிப் பிரிவு | நிரலர் | பழகிய ஒருவர் |
| கோப்பின் வகை | ஆர்டிஎஃப் | எக்ஸ்எம்எல் | எக்ஸ்எம்எல் | இருமக் கோப்பு |
| பன்மொழிச் சொற்கள் | தனி மொழிபெயர்ப்புக் கோப்பு | சூத்திரம் அல்லது தனி நகல் | சொற்கோப்பு | சூத்திரம் அல்லது தனி நகல் |
| கியூஆர் | புதிய பதிப்புகளில் உண்டு | உள்ளமைந்ததாக இல்லை | உண்டு | துணை மென்பொருள் தேவை |
| பிரித்து அனுப்புதல் | வலுவானது | பதிப்பைப் பொறுத்தது | நிரல் எழுத வேண்டும் | கூடுதல் சர்வர் தேவை |
| மறைந்திருக்கும் செலவு | ஆரக்கிள் சூழல் | உரிமமும் இடமாற்றமும் | நிரலரின் சம்பளம் | ஆள் கிடைக்காமை |

## ஆரக்கிள் பிஐ பப்ளிஷர்

தரவு, அமைப்பு, மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் மூன்று தனிக் கோப்புகளாகப் பிரித்து வைப்பது இக்கருவியின் அடிப்படை. தரவு எக்ஸ்எம்எல் வடிவில் வருகிறது. அமைப்பு மைக்ரோசாப்ட் வேர்டில் எழுதிய ஆர்டிஎஃப் கோப்பாக இருக்கிறது. மொழிபெயர்க்க வேண்டிய சொற்கள் மட்டும் தனியே ஒரு எக்ஸ்லிஃப் கோப்பாகப் பிரிந்து வருகின்றன. மேற்கண்ட இரண்டாம் அளவுகோலை இயல்பாகவே நிறைவு செய்யும் கருவி நான்கில் இதுவே. ஒரே தரவை வைத்து வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம், கணக்காய்வாளருக்கு ஓர் எக்செல் பட்டியல், வங்கிக்குச் சம்பளம் வரவு வைக்க ஒரு நிலையான அகல உரைக் கோப்பு என்று மூன்று வார்ப்புருக்களை இணைக்கலாம். அந்த உரைக் கோப்புக்கென்றே தனி வார்ப்புரு வகை இதில் இருப்பது, ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு வடிவம் கேட்கும் சம்பளப் பிரிவுக்கு மிகவும் உதவும்.

வேர்டில் கடிதம் அடிக்கத் தெரிந்த கணக்குப் பிரிவுக் கிராணி, நிறுவனத்தின் முகவரியையோ கட்டண நிபந்தனையையோ தாமே மாற்ற முடியும். கணினிப் பிரிவுக்குக் கோரிக்கை அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை.

இதே வசதிதான் ஆபத்தும். அட்டவணையின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் குறிச்சொற்கள் வேர்டின் படிவப் புலங்களுக்குள் மறைந்திருக்கும். ஒரு வரிசையை அழிக்கும்போது முடிவுக் குறிச்சொல்லும் சேர்ந்து போய்விட்டால், வார்ப்புரு முழுவதும் இயங்காது. பிழைச் செய்தியோ வேர்டு தெரிந்தவருக்குப் புரியும்படி இருக்காது. ஆகவே மூலக் கோப்பு ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், மற்றவர்கள் நகலில்தான் திருத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு அவசியம். வார்ப்புருவைக் கட்டும் துணைநிரல் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதையும் கணக்கில் கொள்க. முன்னோட்டம் பார்க்கப் பயன்படுத்தும் மாதிரித் தரவில் சிறிய பெயர்களே இருந்தால் போதாது. தகப்பனார் பெயரும் சேர்ந்து நீளும் நம்மவர் பெயர்களை இட்டுப் பார்க்காவிட்டால், சம்பளச் சீட்டில் பெயர் இரண்டாம் வரிக்கு மடங்கி, கீழுள்ள கட்டங்கள் எல்லாம் ஒரு வரி தள்ளி நிற்கும்.

செலவைப் பொறுத்தவரை, ஏற்கெனவே ஆரக்கிளின் வணிக மென்பொருளை வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் கையிலேயே இருக்கும் பொருள். அப்படி இல்லாதவர் அறிக்கைக்காக மட்டும் இதை வாங்குவதில் பொருளில்லை.

## மைக்ரோசாப்டின் பக்க அறிக்கைகள்

எஸ்எஸ்ஆர்எஸ் என்று நாம் பழகிய ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் 2004இல் வெளிவந்தது. இப்போது அதன் நிலை மாறியிருக்கிறது: 2022 பதிப்பே கடைசி, அதற்கான ஆதரவு 2033 ஜனவரி வரை உண்டு, மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் 2025 பதிப்பு முதல் அதன் இடத்தைப் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் எடுத்துக்கொள்கிறது. இதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. வார்ப்புருக்களைச் சேமிக்கும் ஆர்டிஎல் கோப்பு வடிவம் அங்கும், மேகத்திலுள்ள பவர் பிஐ சேவையிலும் தொடர்கிறது. எனவே இன்று வடிவமைக்கும் வார்ப்புரு வீணாகாது. ஆனால் உரிமக் கணக்கு மாறும். மேகச் சேவையில் பவர் பிஐ புரோ உரிமம் 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு மாதம் 14 அமெரிக்க டாலர். ரிங்கிட் மதிப்பு ஏறி இறங்கும்போது ஆண்டு ஒதுக்கீடும் ஏறி இறங்கும்.

வடிவமைக்கும் ரிப்போர்ட் பில்டர் இலவசம், கற்க எளிது. தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. புதிய அறிக்கையின் தாள் அளவு அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். அதை ஏ4 ஆக்க வேண்டும். அடுத்து, அறிக்கை உடலின் அகலமும் இருபுற ஓரங்களும் சேர்ந்து தாளின் அகலத்தைச் சிறிதளவு மிஞ்சினாலும், ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம் வரும். மொழிப் பண்பை மலேசியாவுக்கு மாற்றாவிட்டால் தேதியில் மாதம் முன்னால் வந்து, 3/4 என்பது மார்ச் 4 ஆகிவிடும். எக்செலுக்கு ஏற்றுமதி செய்பவர்கள், தலைப்புப் பெட்டிகளை அட்டவணையின் நெடுவரிசைகளோடு நேராக நிறுத்தாவிட்டால் ஒன்றிணைந்த கட்டங்கள் முளைத்து, வடிகட்டவோ வரிசைப்படுத்தவோ முடியாமல் போகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் இக்கருவிக்கு ஒரு நன்மை உண்டு. எழுத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை விண்டோஸின் சொந்த இயந்திரத்திடம் விட்டுவிடுவதால், சர்வரில் நிர்மலா போன்ற எழுத்துரு இருந்தால் பிடிஎஃப் கோப்பில் தமிழ் சீராக வரும். மேகச் சேவைக்குப் போனால் நம் விருப்பப்படி எழுத்துருவை நிறுவ இயலாது. நிறுவனத்துக்கென்று தனித் தமிழ் எழுத்துரு வைத்திருப்பவர்கள் சொந்த சர்வரிலேயே இருப்பது நல்லது. பன்மொழிச் சொற்களுக்கோ தனி ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு தலைப்புக்கும் மொழிக்கேற்ற சூத்திரம் எழுத வேண்டும், அல்லது மொழிக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருத்தத்தையும் மும்முறை செய்ய வேண்டும். தலைப்புகளை ஒரு தரவுத்தள அட்டவணையில் வைத்து இழுத்துக்கொள்வது இதைவிட மேல்.

மாதக் கடைசியில் ஆயிரம் வாடிக்கையாளருக்கு ஆயிரம் அறிக்கைகளைத் தனித்தனியே அனுப்ப, தரவைக் கொண்டு இயங்கும் சந்தா வசதி தேவைப்படும். ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் அது என்டர்பிரைஸ் பதிப்பில் மட்டுமே உண்டு. ஸ்டாண்டர்ட் பதிப்பை வாங்கிய பின் இதை உணர்பவர்கள் அதிகம். கியூஆர் குறியீட்டை வெளியில் படமாக உருவாக்கி, தரவுத்தளத்தில் சேமித்து, அங்கிருந்து எடுத்துப் போடுவதே நடைமுறையில் உறுதியான வழி.

## ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ்

2001இல் தியோடர் டாஞ்சு தொடங்கிய இந்த ஜாவா நூலகம் திறந்த மூலத்தில் கிடைக்கிறது. நூலகத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை. தலைப்பு, பக்கத் தலை, விவரம், பக்க அடி, தொகுப்பு எனப் பட்டைகளாக வார்ப்புரு அமையும். கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் உரை என்பதால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதை நிரல்களைப் போலவே பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்க்கலாம். கணக்காய்வாளர் கேட்கும்போது இது பெரிதும் கைகொடுக்கும். மொழிச் சொற்களைத் தனிச் சொற்கோப்பில் வைக்கவும், கியூஆர் குறியீட்டைக் கருவியின் உள்ளிருந்தே வரையவும் வழி உண்டு.

இலவசம் என்ற சொல் இங்கே ஏமாற்றும். வடிவமைக்கும் ஜாஸ்பர்சாஃப்ட் ஸ்டூடியோ, நிரலர்களின் கருவியான எக்லிப்ஸின் மேல் கட்டப்பட்டது. நிரலர் அல்லாதவர் அதைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஒரு முகவரி மாற்றத்துக்கும் நிரலரின் நேரம் வேண்டும், சோதனை வேண்டும், மறுபடி நிறுவ வேண்டும். உரிமத்தில் மிச்சமாகும் பணம் ஆண்டு முழுவதும் சம்பளமாகக் கரையும். 2024இல் வந்த ஏழாம் பதிப்பு வார்ப்புருக் கோப்பின் வடிவத்தையே மாற்றியதால், பழைய கோப்புகளைப் புதிய ஸ்டூடியோவில் திறந்து மாற்ற வேண்டியதாயிற்று. சில நூறு வார்ப்புருக்கள் வைத்திருப்பவருக்கு அது சிறு வேலையன்று.

எழுத்துருவில் வரும் சிக்கல் மிகவும் வழக்கமானது. வடிவமைப்பாளரின் விண்டோஸ் கணினியில் அழகாகத் தெரிந்த அறிக்கை, லினக்ஸ் சர்வரில் எழுத்துரு இல்லை என்று நின்றுவிடும். எழுத்துருவை ஒரு பொதியாகக் கட்டி, பயன்பாட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும். தமிழுக்கு அதுவும் போதாது: இதன் பிடிஎஃப் ஏற்றுமதி இந்திய எழுத்துகளைத் தானாக ஒழுங்குபடுத்தாது, குறிப்பிட்ட யூனிகோடு தொகுதிகளை வரைவுருவாக இடும்படி ஒரு பண்பை அமைக்க வேண்டும். தமிழ் ஆவணம் முதன்மையானது என்றால் இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

## கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸிலேயே நீடிப்பது

மாறாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் நியாயங்கள் உண்டு. 9.5 அங்குலத் தொடர்தாளில், கார்பன் நகலுடன், புள்ளி அச்சுப்பொறியில் டெலிவரி ஆர்டர் அடிக்கும் கிடங்குகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. முன்கூட்டி அச்சிட்ட படிவத்தின் கட்டத்துக்குள் எண் துல்லியமாக விழ வேண்டிய வேலையை கிரிஸ்டல் பல ஆண்டுகளாகச் சரியாகச் செய்து வருகிறது. அதைக் கலைத்து வேறு கருவியில் மீண்டும் அளந்து நிறுத்துவதால் கிடைக்கப் போகும் பயன் என்ன என்று கேட்டால், பல இடங்களில் விடை இல்லை.

இருப்பினும் கிரிஸ்டலின் ஆர்பிடி கோப்பு ஓர் இருமக் கோப்பு, உரையாகத் திறந்து படிக்க இயலாதது. உள்ளே என்ன மாறியது என்பதை வழக்கமான உரை ஒப்பீட்டுக் கருவிகளால் ஒப்பிட்டுப் படிக்க முடியாது. பத்தாண்டுகளில் பலர் கைபட்ட ஒரு விலைப்பட்டியலில், துணை அறிக்கைகளுக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரங்களைத் தேடி எடுப்பது பழைய வீட்டின் சுவருக்குள் ஓடும் மின்கம்பியைத் தேடுவதைப் போன்றது. வடிவமைப்பான் 2020 பதிப்பில்தான் 64 பிட்டுக்கு மாறியது. அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்கள் தரவுத்தள இணைப்பிகளையும் பழைய 32 பிட்டிலேயே பேண வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, இதை ஆழமாக அறிந்தவர்கள் ஓய்வு பெற்று வருகிறார்கள்; புதிதாகப் பட்டம் பெற்று வருபவர்களில் இதைக் கற்க விரும்புவோர் அரிது.

நீடிப்பவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றுதான். வார்ப்புருவுக்குள் இருக்கும் வரி, தள்ளுபடி, முழுமையாக்கம் ஆகிய கணக்கீடுகளை இப்போதே தரவுத்தளத்தின் வியூக்களுக்கு (சேமித்து வைத்த வினவல்களுக்கு) மாற்றிவிடுங்கள். வார்ப்புருவின் தோற்றம் அப்படியே இருக்கும். ஆனால் என்றாவது வேறு கருவிக்குப் போகும்போது கைப்பட மீண்டும் எழுத வேண்டிய வேலையின் பெரும்பகுதி முன்பே முடிந்திருக்கும்.

## எந்த அலுவலகத்துக்கு எது

உறுப்பினர்களுக்கு மலாயிலும் தமிழிலும் ஆண்டறிக்கைக் கடிதம் அனுப்பும் கோலாலம்பூர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு, எஸ்க்யூஎல் சர்வர் ஏற்கெனவே இருந்தால், சொந்த சர்வரில் ஓடும் மைக்ரோசாப்ட் பக்க அறிக்கையையே நான் சொல்வேன். தமிழ் சீராக வருவதே அதற்குப் போதிய காரணம். ஆரக்கிளில் இயங்கும் பெரிய குழுமத்தின் மனிதவளப் பிரிவுக்கு பிஐ பப்ளிஷரைத் தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை. பிப்ரவரி இறுதிக்குள் எல்லா ஊழியருக்கும் ஈஏ பாரம் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடியில், பிரித்து அனுப்பும் வசதியே தீர்மானிக்கும்.

தம் மென்பொருளைப் பல வாடிக்கையாளருக்கு விற்கும் நிறுவனங்கள், அறிக்கையைப் பயன்பாட்டுக்குள்ளேயே பொதிந்து தர வேண்டியிருப்பதால் ஜாஸ்பரை எடுக்கலாம். ஆளுக்கு ஆள் உரிமம் கணக்கிட்டால் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கிரிஸ்டல் லேபிள்களும் டெலிவரி ஆர்டர்களும் ஒழுங்காக ஓடும் ஆலை அவற்றைத் தொடாமல், விலைப்பட்டியலை மட்டும் கியூஆர் வரையத் தெரிந்த கருவிக்கு மாற்றலாம். இரண்டு கருவிகளை வைத்திருப்பது குற்றமாகாது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகையோ துணியோ விற்கும் கடைக்கு இந்த நான்கில் எதுவும் தேவையில்லை; கணக்கு மென்பொருளோடு வரும் வடிவமைப்பானே போதும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் விற்பனையாளரிடம் மூன்று ஆவணங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: இரண்டு வரி விகிதங்களும் கியூஆர் குறியீடும் கொண்டு மூன்று பக்கங்களுக்கு ஓடும் ஒரு விலைப்பட்டியல், உண்மையான நீளப் பெயர்களுடன் ஓர் ஈஏ பாரம், மேலே தந்த சோதனை வரியுடன் ஒரு தமிழ்க் கடிதம். அவை முடிந்ததும், செய்து காட்டியவரை எழச் சொல்லிவிட்டு, உங்கள் கணக்குப் பிரிவில் உள்ளவரை அதே நாற்காலியில் அமரவைத்து, விலைப்பட்டியலில் ஒரு வரிப் பெட்டியைக் கூட்டவும் கடிதத்தில் ஒரு பத்தியை மாற்றவும் கேளுங்கள். அவர் எத்தனை முறை திரும்பிப் பார்த்து உதவி கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு மென்பொருளின் விலை விவரத்தைத் திறந்து பேரம் பேசத் தொடங்கலாம்.